குழல்வாய்மொழியின் முகத்துக்கான எண்

லிங்கம் ஸ்டூடியோ குற்றாலிங்கம் தன் மகளின் போட்டோவைப் பூட்டிய அன்று சாயங்காலம், கல்லூரியிலிருந்து ஐந்து நாற்பது பஸ்ஸில் வந்து இறங்கிய குழல்வாய்மொழிக்குக் கழுத்துக்கு மேலே, முகம் இருக்கவேண்டிய இடத்தில், மணல்மணலாய்ப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. மாநிறப் புள்ளி, கறுப்புப் புள்ளி, உதட்டுச் சிவப்பில் நாலைந்து புள்ளி என்று எல்லாம் அவளுடையவைதான், ஆனால் ஒன்றும் அதனதன் இடத்தில் இல்லை. கண்டக்டர் எப்போதும்போல "பாத்து இறங்கும்மா" என்றார், பூக்காரி எப்போதும்போல சடையைப் பார்த்து அடையாளம் கண்டு ஒரு முழம் அளந்து வைத்தாள், ஸ்டாப்பில் நின்ற நாலு பேரும் மணி என்ன என்று பார்த்துவிட்டு அவரவர் ஜோலிக்குப் போனார்கள். வல்லநேரி அப்படிப்பட்ட ஊர். அங்கே எது வந்தாலும் முதலில் உட்காரப் பாய் போட்டுவிட்டுத்தான் யார் எவர் என்று விசாரிப்பார்கள்.

வீட்டில் அவள் அம்மா வடிவு கதவைத் திறந்தவள், முந்தானையை எடுத்து அந்தப் புள்ளிகளைத் துடைத்துப் பார்த்தாள். தொட்டால் மூக்கு இருந்தது, கன்னம் இருந்தது, கண்ணுக்குத்தான் எதுவும் கூடி வரவில்லை.

"ஏட்டி, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்கா?"

"இல்லம்மா. அப்பா எங்க?" என்றாள் மொழி. வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடி முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு கையைக் காலைக் கழுவிவிட்டு வந்து அப்பாவுக்காகக் காத்திருந்தாள்.

குற்றாலிங்கம் கெட்ட மனுஷன் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், பிற்பாடு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முப்பது வருஷமாக ஊரில் நடந்த கல்யாணம், காதுகுத்து, பத்தாம் வகுப்பு ஹால்டிக்கெட் எல்லாம் அவர் கண் வழியாகப் போனவைதான். எண் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு கிறுக்கு. ஸ்கூட்டர் நம்பரைக் கூட்டினால் ஐந்து வரும், போன் நம்பரைக் கூட்டினால் ஐந்து, கடைக்கதவு எண்ணும் ஐந்து. ஒருமுறை பஸ் டிக்கெட்டைக் கூட்டி எட்டு வந்துவிட்டதென்று அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் வேறு டிக்கெட் எடுத்தவர். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான், ஆனால் இவர் கொஞ்சம் கூடுதல்.

ஸ்டூடியோ வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதில் அவர் எடுத்ததிலேயே நல்ல படத்தை மாட்டி வைப்பார். அந்த வருஷம் மாட்டியிருந்தது மொழியின் படம். பத்தொன்பது வயது, ரெட்டைச்சடை, மோவாயை இடது பக்கம் லேசாகத் தூக்கச் சொல்லி அவரே எடுத்தது. எவனோ ஒரு வெறும்பயல் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் போனில் பிடித்து, கீழே அசிங்கமாக ஒரு வரி எழுதி ஊர் முழுக்க அனுப்பிவிட்டான்.

"நான் என்னப்பா தப்புப் பண்ணினேன்? போலீஸ்ல போய்ச் சொல்லுவோம். படம் அங்கயே இருக்கட்டும்" என்றாள் மொழி.

அவருக்கு அது முடியவில்லை. டீக்கடையில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது, அதுவே அவருக்குப் போதும். மறுநாள் அவள் கல்லூரிக்குப் போனதும் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அவள் எழுதி வைத்திருந்த புரோகிராமைத் திறந்தார்.

அந்தப் புரோகிராம் அவளுடைய கடைசி வருஷப் படிப்புக்காக எழுதியது. அதைப் பற்றி ஒருநாள் பரோட்டாக் கடையில் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். "போட்டோங்கறது புள்ளிப்பா, லட்சக்கணக்குல புள்ளி. மாஸ்டர் மாவை என்ன செய்தாரு பாருங்க. இழுத்து வீசுதாரு, மடிக்காரு, திரும்ப வீசுதாரு. பக்கத்துப் பக்கத்துல கிடந்த ரெண்டு உப்புக்கல்லு பத்து வீச்சுக்குப் பிறகு எங்க கிடக்கும்னு யாருக்குத் தெரியும்? அதே மாதிரி புள்ளிய இழுத்து மடிச்சுக் கலைக்கேன். எந்த இடத்துல இருந்து ஆரம்பிச்சோம்னு பதினஞ்சு இலக்கத்துல ஒரு நம்பர் வரும். அது இருந்தா ஒவ்வொரு மடிப்பா விரிச்சுப் படத்தைக் கொண்டாந்துரலாம். ஒரு இலக்கம் தப்புனாலும், கடைசி இலக்கமே தப்புனாலும், வாறது மண்ணுதான்."

"கடைசி இலக்கத்துல என்னம்மா கிடக்கு? ஒரு நூல் முன்ன பின்ன இருந்தா பிரேம்ல தெரியவா போவுது?"

"இது பிரேம் இல்லப்பா. இதுல சின்னதுன்னு ஒண்ணு கிடையாது."

சரிதான் என்று தலையை ஆட்டிவிட்டு அவர் சால்னாவை ஊற்றிக்கொண்டார்.

பூட்டியதும் திரையில் படம் புழுதியாக மாறி, கீழே எண் வந்தது. எழுதி வைத்துக்கொள்ளவும், இது எங்கும் சேமிக்கப்படாது என்றும் ஒரு வரி வந்தது. அவர் ஒரு ஸ்டூடியோ கவரை எடுத்து, பேனாவை உதறி, முத்துமுத்தான எழுத்தில் எழுத ஆரம்பித்தார். எழுத எழுதக் கூட்டிக்கொண்டே போனார். மூன்று, ஏழு, ஒன்று என்று போய் நாலாவது இலக்கத்தில் கூட்டு எட்டு வந்ததும் முகம் சுளித்தார், ஐந்தாவதிலும் எட்டுதான் நின்றது, ஆறிலும் ஏழிலும் மூன்று, அடுத்ததில் இரண்டு. ஒன்பதாவது இலக்கத்தில் நாற்பத்தொன்று, நாலும் ஒன்றும் ஐந்து. அப்பாடா என்று பேனாவை மூடினார். மிச்சம் ஆறு இலக்கம் திரையில் நின்றது. கோடியில் ஒரு பங்குகூடத் தேறாத வால். அதைப் போய்ச் சேர்த்து நல்ல கூட்டைக் கெடுப்பானேன் என்று புரோகிராமை மூடினார். அதோடு விடவில்லை மனுஷன். எவன் கைக்கும் போகக்கூடாதென்று பூட்டிய படத்தையும் அழித்தார், பழைய காப்பிகளையும் அழித்தார், கண்ணாடிப் பெட்டியில் இருந்ததைக் கிழித்தார். கவரைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி, பத்திரமாகச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு சாப்பிடப் போனார்.

அன்று சாயங்காலம் மொழி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்னையக் கேட்டியளாப்பா?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா. நம்பர் அப்பாகிட்ட பத்திரமா இருக்கு. ஒரு நல்ல இடம் அமையட்டும், தெறந்து விட்டுருதேன்."

போட்டோவைப் பூட்டினால் முகம் ஏன் பூட்டிக்கொண்டது என்று கேட்டால், வல்லநேரியில் அதற்கு யாரிடமும் பதில் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவர்கள் கேட்டது வேறு. மறுநாள் காலை ஸ்டூடியோ திறப்பதற்கு முன்பே ரைஸ்மில் சண்முகையா தன் இரண்டு பெண்களின் படங்களோடு வாசலில் நின்றார். "அண்ணாச்சி, நம்ம பிள்ளையளுக்கும் அதே மாதிரி போட்டுருங்க. நிம்மதியாத் தூங்கணும்லா." அன்றுதான் குற்றாலிங்கம் புரோகிராமில் பிரிண்ட் பொத்தான் இருப்பதைக் கண்டார். ஆகவே சண்முகையாவுக்கு எண் பதினைந்து இலக்கமும் அச்சில் வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அச்சில்தான். சொந்த மகளுக்கு மட்டும், ஆசையாக, கையால் எழுதியிருந்தார்.

சண்முகையா பொறுமை கிடையாத ஆள். வீட்டுக்குப் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் பார்த்து மூத்தவள் முன்னால் எண்ணை உரக்க வாசித்தார். புள்ளிகள் நின்றன, நகர்ந்தன, பிள்ளையின் முகம் கூடி வந்தது. அவர் வேறு பக்கம் பார்த்ததும் கலைந்துவிட்டது. இப்படித்தான் ஊருக்கு விஷயம் புரிந்தது. எண்ணை முகத்துக்கு நேரே வேறொருவர் வாயால் சொல்ல வேண்டும், தனக்குத் தானே சொன்னால் பலிக்காது, சொன்னவர் பார்த்துக்கொண்டிருக்கும் மட்டும் அங்கே இருக்கும் எல்லோருக்கும் முகம் தெரியும்.

ஒரு மாதத்துக்குள் நூற்று நாற்பது பெண்பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் குரலை வைத்து அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள், கோயில் கொடை விழாவில் அம்மாமார் வளையல் நிறத்தை வைத்துப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள், ஆனி ஆடியில் மேற்கே மலையிலிருந்து சாரல் காற்று இறங்கும்போது தெருவில் போகிற பிள்ளைகளின் முகப்புள்ளிகள் எல்லாம் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, மழை வருது, துணியை எடு என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தார்கள். நிச்சயத்தட்டில் வெற்றிலை பாக்கோடு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய எண் கவரும் ஏறியது. தாலி கட்டியதும் மாப்பிள்ளை எழுந்து நின்று எண்ணை வாசிக்க, மணமேடையில் முகம் கூடி வர, பந்திக்குப் போனவர்கள்கூட இலையை விட்டு எழுந்துவந்து பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். துபாயில் லீவு கிடைக்காத ஒரு மாப்பிள்ளை போனிலேயே சொல்லிப் போனிலேயே முகம் பார்த்தான். எண்ணைத் தொலைத்துவிட்டு மாமனார் வீட்டு வாசலில் அசடு வழிய நின்ற மாப்பிள்ளைகளும் உண்டு. ஆறே மாதத்தில், இது நம் முப்பாட்டன் காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்று சத்தியம் செய்கிற ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஆண்பிள்ளை படத்தை யாரும் கொண்டுவரவில்லை. ரிட்டயரான தாசில்தார் ஒருவர் மட்டும் தன் படத்தையே நீட்டி, இதைப் பூட்டும் என்றார். உமக்கு எதுக்குவே என்று அனுப்பிவிட்டார்கள்.

மொழி தினமும் கேட்டாள். காப்பி கொடுக்கும்போது கேட்டாள், ஸ்டூடியோவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது கேட்டாள். தை பிறக்கட்டும் என்றார், தை போய் வைகாசி ஆகட்டும் என்றார். ஒரு தடவை சொல்லித்தான் பாருங்களேன், பிள்ளை மூஞ்சியைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று வடிவு கெஞ்சியபோது, "சொன்னா எவன் காதுலயாவது விழுந்துரும். சாமிக்குப் பின்னால பத்திரமா இருக்கு, விடு" என்றார். எண் கையில் இருக்கிறது என்ற தெம்பிலேயே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

பிறகு பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்தது. பரீட்சை எழுதித் தேறி, போனில் பேசித் தேறி, கடைசியில் ஒரு போட்டோ அனுப்பு என்றார்கள். திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

"இப்பவாவது சொல்லுங்கப்பா" என்று அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவருக்கும் மனசு இளகியிருந்தது. சாமி படத்தை நகர்த்திக் கவரை எடுத்து, ஊதித் தூசி தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். புள்ளிகள் பாட்டுக்கு ஓடின. குரல் பத்தவில்லையோ என்று இன்னும் உரக்க வாசித்தார். மூன்றாம் தடவை வாசிக்கும்போது மொழி கையை நீட்டிக் கவரை வாங்கிக்கொண்டாள்.

"மிச்சம் எங்கப்பா?"

"அம்புட்டுதாம்மா."

"ஒம்பதுதான் இருக்கு. பதினஞ்சு வரணும்."

"அஞ்சு வந்துச்சும்மா. அதோட நிறுத்திட்டேன்."

அவள் முதலில் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள், வடிவும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். பிறகு அந்தப் புள்ளிகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் இறங்கிக் கழுத்துக்கு வந்தபோதுதான் குற்றாலிங்கத்துக்கு விஷயம் உறைத்தது.

"கம்ப்யூட்டர்ல இருக்கும்லா? உன் புரோகிராம்தான?"

"எங்கயும் வைக்கக் கூடாதுன்னுதான் எழுதினேன். சாவிய வீட்டுக்குள்ளயே வைக்கிற பூட்டு பூட்டே இல்லன்னு எழுதித்தான் எனக்கு முதல் மார்க் போட்டாங்க." கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆறு இலக்கம். பத்து லட்சம் நம்பர்ப்பா. பூட்டின படமாவது இருந்தா மெஷினே ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்துச் சொல்லிரும்."

"அதையும் அழிச்சிட்டேன்" என்றார் அவர்.

கம்ப்யூட்டரைக் குரலில் எண்களைச் சொல்ல வைத்துப் பார்த்தாள். முகம் அசையவில்லை. மனுஷ வாய்தான் வேண்டும் போலிருக்கிறது. திங்கட்கிழமை வந்தது, போனது, வேலையும் போனது. இரண்டு மாதம் கழித்து ஐதராபாத்தில் முகம் கேட்காத ஒரு வேலையைத் தேடிப் பிடித்துக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் குற்றாலிங்கம் அவள் பையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "நான் சொல்லுதேம்மா. பூஜ்யத்துல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணாச் சொல்லுதேன். தினம் சாயங்காலம் போன் போடு. கண்டுபிடிச்சுருதேன்."

"சரிப்பா" என்றாள் அவள்.

அப்படி ஆரம்பித்தது. தினம் ஆறு மணிக்கு போன் வரும். ஐதராபாத்தில் மொழி போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பாள். வல்லநேரியில் குற்றாலிங்கம் நோட்டை விரித்துவைத்து, முதல் ஒன்பதையும் சொல்லி வால் ஆறையும் சொல்லி, திரையைப் பார்த்து, இல்லை என்று ஒரு கோடு போட்டு, திரும்ப முதல் ஒன்பதிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு நாளைக்கு நூற்றிருபது. காய்ச்சலிலும் சொன்னார், மச்சினன் செத்த வீட்டிலும் ஒதுங்கி நின்று சொன்னார், பல் மூன்று விழுந்த பிறகு ஏழும் ஒன்பதும் காற்றாக வந்தபோது நிறுத்தி நிறுத்தித் திருத்தமாகச் சொன்னார்.

இதற்குள் ஊரில் அந்த வழக்கம் வந்தது போலவே போயும் விட்டது. பிள்ளைகள் குழாயடியில் நின்று அவரவர் எண்ணை ஒருத்திக்கொருத்தி சொல்லிக் கொடுத்தார்கள். சண்முகையாவின் இளையவள் ஒருநாள் தன் எண்ணைச் சாக்பீஸால் பஸ் ஸ்டாப் சுவரில் பெரிசாக எழுதி, யார் வேணா வாசிச்சுக்கோங்க என்று போட்டுவிட்டாள். ஊரே வாசித்தது, எந்நேரமும் வாசித்தவர் யாராவது ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்ததில் முகம் நிலைத்துவிட்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். இரண்டே வருஷத்தில் எல்லா முகமும் திரும்பி வந்தது, அப்படி ஒன்று நடந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. எழுத முழு எண் இல்லாதவள் மொழி ஒருத்திதான். டீக்கடையில் குற்றாலிங்கத்தைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, எத்தனையாவதுல நிக்கிய?" என்று கேட்பார்கள். கேலி இல்லை, அக்கறையாகத்தான் கேட்பார்கள். அது அவருக்குக் கேலியைவிட மோசமாக வலித்தது.

பதினோரு வருஷம் ஆயிற்று. ஒரு நாள் சாயங்காலம் வடிவு பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். குற்றாலிங்கம் வழக்கம்போல மூன்றில் ஆரம்பித்து வாலுக்கு வந்து, நாலு, எட்டு, இரண்டு, ஒன்பது, ஒன்று, ஆறு என்று முடித்தார்.

திரையில் புள்ளிகள் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக வீடு திரும்பின. ஒரு பெண்ணின் முகம். முப்பது தாண்டிய முகம், கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, தோளோடு வெட்டிய முடியில் ஒன்றிரண்டு நரை, அடுப்பு வெக்கையில் மேலுதட்டில் வேர்வை. குற்றாலிங்கம் உற்றுப் பார்த்தார். அவர் பதினோரு வருஷமாகக் காத்திருந்தது ரெட்டைச்சடைக்கு, மோவாயை இடது பக்கம் லேசாகத் தூக்கிய பத்தொன்பது வயதுக்கு. "ம்ஹூம், இது வேற யாரோ" என்று திரையிலிருந்து கண்ணெடுக்காமலே கோடு போட்டுவிட்டு, வாய் பழகின பழக்கத்தில் அடுத்த எண்ணைச் சொன்னார். நாலு, எட்டு, இரண்டு, ஒன்பது, ஒன்று, ஏழு.

முகம் கலைந்தது.

வடிவின் கையிலிருந்து கத்தி விழுந்தது. "பாவி மனுசா! அது நம்ம பிள்ளைய்யா!"

போன எண்தானே, ஒன்று குறைத்துச் சொன்னால் ஆயிற்று. நோட்டைப் புரட்டி, விரலை வைத்து, மூன்று என்று வாயைத் திறந்தார்.

"அப்பா, நில்லுங்க" என்றாள் மொழி.

அவள் கரண்டியை வைத்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் வந்திருந்தாள். போனின் மூலையில் சின்னக் கட்டத்தில் அவளும் அந்த முகத்தைப் பார்த்திருந்தாள், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"என்னையத் தெரியலையாப்பா?"

அவர் நோட்டை மூடினார்.

"பரவாயில்ல. எனக்கே பாத்ததும் யாரோன்னுதான் இருந்துச்சு" என்றாள். "நம்பர் எனக்கு மனசுல நின்னுட்டு. இனிமே அது என்கிட்ட இருக்கட்டும். நான் வேணும்கிறவங்ககிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க நான் கேக்காம சொல்லாதிய. இந்தத் தடவையாவது என்னையக் கேட்டுட்டுச் செய்ங்க."

"சரிம்மா" என்றார் குற்றாலிங்கம்.

அன்றிலிருந்து அவர் சொல்லவில்லை. காலையில் அவர் ஸ்டூடியோவுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது, வடிவு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்குப் போன் போடுவது கேட்கும். பிறகு பதினைந்து எண்ணும் ஒவ்வொன்றாக, மெதுவாக, கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கும். பிறகு வடிவின் சிரிப்புச் சத்தம். அவர் கதவைத் தட்டுவதில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். மத்தியானம் சோறு போடும்போது வடிவின் கண் சிவந்திருக்கும், இன்றைக்கு எப்படி இருந்தாள் என்று கேட்க நாக்கு வரை வரும், கேட்கமாட்டார்.

ஒருநாள் ஸ்டூடியோவில் ஆள் இல்லாத நேரம், பழைய பழக்கத்தில், அந்தப் பதினைந்தையும் ஒரு கவரில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். எழுபத்தொன்று வந்தது. ஏழும் ஒன்றும் எட்டு. கவரைக் கிழிக்கவில்லை, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு இன்றைக்கும் போன் வரும். மொழி உப்பு ஜாடியில் போனைச் சாய்த்துவிட்டுச் சமைப்பாள், புள்ளிகள் ஓடிக்கொண்டிருக்கும். சாப்பிட்டியாம்மா, அங்க மழை உண்டா என்று அவர் கேட்பார். அவள் பதில் சொல்வாள், நன்றாகவே பேசுவாள். பேச்சு நிற்கிற இடத்திலெல்லாம் அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, இப்போது கேட்பாளோ என்று பார்ப்பார். எண் முழுசாக நாக்கின் அடியில் இருக்கும். அவள் இன்னும் கேட்கவில்லை.